பர்னபாஸ் மாமாவுக்கு மட்டும் தெரியாத விமானம்

இந்தக் கதையில் ஒரு மனிதர் சிரிக்கப்போகிறார். சும்மா வாயைக் கோணுகிற சிரிப்பு இல்லை. நின்ற இடத்தில் நிற்க முடியாமல், பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, அடங்கி, மறுபடியும் பிய்த்துக்கொண்டு வருகிற சிரிப்பு. ஆனால் அது இப்போது கிடையாது. சிரிக்கவேண்டியவர் தூத்துக்குடி நங்கூரத் தெரு பர்னபாஸ் டிவோட்டா. துறைமுகத்தில் சரக்குச் சரிபார்க்கிறவர். அவர் சிரிக்கவேண்டுமென்றால் முதலில் விண்ணப்பம் வரவேண்டும், அது நாலு மேஜை ஏறி இறங்கவேண்டும் என்பாள் அவருடைய அக்கா மகள் டெல்சி. ஆகவே சிரிப்பு வாங்க வந்தவர்கள் வரிசையில் நிற்கவும், முண்டியடிக்கவேண்டாம், எல்லாருக்கும் உண்டு, சரக்கு இன்னும் லாரியிலிருந்து இறங்கவில்லை.

இதையே டெல்சி சொல்லியிருந்தால் ரேஷன் கடைக்காரர் குரலில் சொல்லியிருப்பாள், நீங்களும் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருப்பீர்கள். பிளஸ் டூ படிக்கிற அந்தப் பிள்ளையின் தொண்டைக்குள் ஒரு தெருவே குடியிருந்தது. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புப் பெண், ஏலக்கூடத்து சாந்தப்பன் அண்ணன், பங்குச் சாமியாரின் பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், இயற்பியல் சாரின் அடைத்த மூக்கு, எல்லாம் உள்ளே இருந்தன. ஒருநாள் குக்கரின் மூன்றாவது விசிலை அவள் தன் வாயாலேயே கொடுத்துவிட்டதில் அம்மா அடுப்பை அணைத்து, வீடு மொத்தமும் அரிசியைக் கடித்துத் தின்றது.

இந்த வீட்டின் மாடியில்தான் பர்னபாஸ் மாமா இருந்தார், தனியாக, தன் சிறு உருவ மாதிரிகளோடு. டாங்கிகள், ஜீப்புகள், ஒரு நீர்மூழ்கி, எல்லாம் அலமாரியில். ஜன்னலோரம் தனி மேஜையில், தனிக் கண்ணாடிப் பெட்டிக்குள், கோர்சேர். இரண்டாம் உலகப்போரில் கப்பல் தளத்திலிருந்து எழும்பிப்போய்ச் சண்டையிட்ட விமானம், அதில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. இறக்கையை விரித்தால் ஒரு சாணும் கொஞ்சமும் வரும். கடல்நீல உடம்பு. இறக்கைகள் தோளில் இருந்து முதலில் கீழே இறங்கி, பிறகு மனதை மாற்றிக்கொண்டு மேலே ஏறின மாதிரி வளைந்திருக்கும். கப்பலில் இடம் குறைவு என்பதால் அந்த இறக்கைகளைத் தலைக்கு மேலே மடித்தும் வைக்கலாம். வால் அடியில் ஒரு கொக்கி. கப்பல் தளத்தில் குறுக்கே கட்டியிருக்கிற கம்பியில் அந்தக் கொக்கியை மாட்டித்தான் இந்த வகை விமானம் நிற்கும், தரையில் ஓடி நிற்பதற்குக் கப்பலில் தரை ஏது. உள்ளே வேர்க்கடலைப் பருப்பு அளவில் ஒரு விமானி. அவன் முகத்துக்கு மாமாவே ஒற்றை மயிர்த் தூரிகையால் ரோஸ் வண்ணம் பூசியிருந்தார். பூசி முடிக்கிற வரைக்கும் மூச்சுவிடவில்லை என்று சொல்லுவார், நம்பலாம், பொய் சொல்லுவதற்கு வேண்டிய கற்பனை அவரிடம் இல்லை.

கீழ்வீட்டில் டெல்சியும் அவள் அம்மா ஆக்னஸும் அப்பா கஸ்பாரும். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம். போன வருடம் கிழக்கே இருந்து அடிக்கிற கொண்டல் காற்றில் எஞ்சின் நின்றுபோய் அந்த வள்ளம் எங்கெங்கோ அலைந்து, தெரு முழுவதும் கோயிலில் முழங்காலில் நிற்க, கடைசியில் அப்பா உதடு வெடித்து, சிரித்துக்கொண்டே வந்துசேர்ந்தார். வந்தவர் தூங்கினார். அம்மா தூங்கவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் நாலு மணி ஆனால் அம்மா கடற்கரைக்குப் போய்விடுவாள். எல்லா வள்ளமும் கரையேறுகிற வரைக்கும் முந்தானையை முறுக்கிக்கொண்டு நிற்பாள். ராத்திரி படுத்தாலும் கண் மட்டும் அலையெண்ணிக்கொண்டிருக்கும். அம்மா எதற்கும் அழவில்லை, சண்டை போடவில்லை, குழம்பில் உப்புக்கூடக் குறையவில்லை. கண்ணுக்குக் கீழே மட்டும் கரி பூசின மாதிரி ஆகிக்கொண்டே வந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டெல்சி மாமாவுக்கு ஒரு வேலை வைக்க மாடி ஏறினாள். ஒரு கப்பல் கேப்டன் குரலைப் போனில் பதிந்து, போனை விமானத்துக்கு அடியில் ஒளித்துவைத்து, சாயங்காலம் மாமா தூசி துடைக்கக் குனியும்போது அலறவிடவேண்டும், இதுதான் திட்டம். கேப்டன் குரல் அவளிடம் இல்லை. ஆகவே துறைமுக ஒலிபெருக்கியின் கரகரப்பை எடுத்தாள், அதில் பங்குச் சாமியாரின் கனத்தைப் போட்டாள், இயற்பியல் சாரின் மூக்கடைப்பை மேலே தூவினாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். ஒத்திகைக்காகச் சொல்லிப்பார்த்தாள்:

“கோர்சேர், கோர்சேர். கேப்டன் பேசுகிறேன். எழும்புக.”

கோர்சேர் இறக்கைகளை விரித்தது. காற்றாடி இருமுறை இருமி, மூன்றாம் முறை சுழன்றது. மேஜையின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு ஓடி, மாமாவின் பேனா ஸ்டாண்டைத் தாண்டி, ஜன்னல் வழியாக வெளியே போய், எதிர்வீட்டு முருங்கைக்கு மேலே ஏறி, கடலைப் பார்த்துத் திரும்பியது. டெல்சிக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் ஆளுக்குத் தமிழ் எப்படிப் புரிந்தது என்றுகூட அவள் யோசிக்கவில்லை. தூத்துக்குடிக்கு வந்து இரண்டு வருடம் ஆயிற்று, படியாமலா இருக்கும். அவள் பயந்தது ஒன்றுக்குத்தான்: ஆறேகால் ஆனால் மாமா வந்துவிடுவார்.

விமானம் ஐந்து மணிக்கெல்லாம் திரும்பியது. திரும்பியதே தவிர, இறங்கவில்லை; கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தது. டெல்சி ஜன்னலில் நின்று சாமியார் குரலில் கெஞ்சினாள், சாந்தப்பன் குரலில் திட்டினாள். கடைசியில் அது தானாகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துவீட்டு மொட்டைமாடியில் திரேஸ் சித்தி துணி காயப்போடுகிற நைலான் கயிற்றில் கொக்கியை மாட்டி நின்றது. திரேஸ் சித்தி வந்து பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கைப்பிடிச் சுவரோரம் வந்து கூப்பிட்டாள்.

“ஏளா டெல்சி, உங்க மாமா ஏரோப்ளேன் என் நைட்டியில வந்து தொங்குது. எடுத்துட்டுப் போ. ஈரத்துணியில இருந்தா அதுக்குச் சளி பிடிச்சிரும்.”

அன்று அப்பா கரையேறினதும், கடலில் தன் வள்ளத்தை ஒரு சின்ன விமானம் இரண்டு சுற்றுச் சுற்றியதாகவும், உள்ளே இருந்தவன் கையைக் காட்டியதாகவும், மரியாதைக்குத் தானும் காட்டியதாகவும் சொல்லி, இன்றைக்கு நெத்திலி பரவாயில்லை என்று முடித்தார். அம்மா அதே விமானத்தைக் கரையில் நின்று பார்த்திருந்தாள், போனதையும் வந்ததையும். மறுநாள் நாலு மணிக்கு அவள் கடற்கரைக்குப் போகவில்லை. மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று, மேலே பார்த்து, “அனுப்புளா” என்றாள்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது, பால்காரர் வருவது போல, குழாயில் தண்ணீர் வருவது போல. நாலு மணிக்குக் கேப்டன் குரல். விமானம் கடலுக்குப் போகும், தெருவின் ஒவ்வொரு வள்ளத்தையும் தேடிப் பார்க்கும், திரும்பி வரும். வரும்போது, எந்த வள்ளம் நல்லபடியாக இருக்கிறதோ அந்த வீட்டு மாடிக்கு நேராக வந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து காட்டும். யாரும் அதற்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதன் சாய்வைப் பார்த்துவிட்டு அந்தந்த வீட்டுப் பெண்கள் உள்ளே போய் உலையை வைப்பார்கள். கடைசியாக அம்மாவின் மாடி.

இறக்குவதில்தான் சிக்கல் இருந்தது. முதலில் கயிற்றை இரண்டு கம்பத்தில் விறைப்பாகக் கட்டினார்கள், கொக்கி ஒடியப் பார்த்தது. அப்போது திரேஸ் சித்திதான் சொன்னாள், பெரிய மீன் மாட்டின தூண்டிலை யாராவது விறைப்பாகப் பிடிப்பார்களா, கொடுத்துக் கொடுத்துத்தானே இழுக்கவேண்டும் என்று. கம்பத்தை விட்டார்கள். கயிற்றின் ஒரு முனையைத் திரேஸ் சித்தியும் மறுமுனையை சாந்தப்பன் அண்ணனும் கையில் பிடித்தார்கள்; விமானம் வந்து மாட்டும்போது இருவரும் மூன்று எட்டு முன்னால் போய்க் கொடுப்பார்கள், வேகம் செத்ததும் கயிற்றைத் தளர்த்திக் கீழே விடுவார்கள், அது பூப்போல உட்காரும். பிடித்த இருவரும் கை விட்டால்தான் கொக்கி கழலும், இது முக்கியம்.

தெரு கூடிப் பேசியது. நாலு மணிக்கு மேல் பட்டம் விடக்கூடாது. அந்த நேரத்தில் யாரும் மாடியில் மிளகாய் காயப்போட்டு வைக்கக்கூடாது, விமானிக்குக் கண் எரியும். சாமியார் வள்ளங்களைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறபோது இதையும் மந்திரிக்கவேண்டும் என்று சாந்தப்பன் அண்ணன் கேட்டார். அந்த விமானி எந்தச் சபையோ, வெள்ளைக்காரக் கப்பற்படைக்காரன் நம்ம சபையாக இருக்கவேண்டுமே என்று ஒருவர் இழுக்க, பங்குச் சாமியார் ஆழ யோசித்து, “பிரியமானவர்களே, கடலுக்குப் போகிறவன் எவனும் நம்மவனே” என்று தீர்ப்புச் சொல்லி, கண்ணுக்கு விடுகிற மருந்துக் குப்பியில் தீர்த்தம் எடுத்து ஒரே ஒரு சொட்டு விட்டார். அந்த ஒரு சொட்டில் விமானி இடுப்புவரை நனைந்துபோனான். அப்பா தினமும் வள்ளத்தின் முன்பக்கத்தில் அவனுக்காக ஒரு பொரி வைப்பார். அதை அவன் எப்படி எடுத்தான் என்று யாரும் கேட்கவில்லை, பொரி இருக்காது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. அன்று விமானத்துக்கும் ஓய்வு. இறக்கையை மடித்துக்கொண்டு பூசைக்கு வந்தவன் மாதிரி நிற்கும். பர்னபாஸ் மாமாவுக்கும் ஞாயிறுதான் விடுமுறை. அந்த ஒரு நாளைத்தான் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோர்சேரை ரசிப்பதற்கு வைத்திருந்தார். இப்படித்தான், தெருவில் நாய்க்குட்டிவரைக்கும் தெரிந்த விஷயம், அந்த விமானத்தைக் காசு சேர்த்து வாங்கி, ஒட்டி, வண்ணம் பூசின ஒரே மனிதருக்குத் தெரியாமல் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மாமா கெட்டவர் இல்லை. ஒழுங்கானவர், அது அதைவிடக் கஷ்டம். பக்கத்துத் தென்னை அவர் சுவர்ப் பக்கம் சாய்ந்ததற்கு நாலு துறைகளுக்கு மனுப் போட்டு, சாய்ந்த கோணத்தையும் இணைத்தவர். விமானம் பறக்கிறது என்று தெரிந்தால் அவரே தன்மேல் புகார் கொடுத்துவிடுவார்: ஐயா, வெளிநாட்டுப் போர் விமானம் ஒன்று முன் அனுமதியின்றி எனது இல்லத்திலிருந்து. மறுநாள் ஜீப் வரும், பெட்டிக்குப் பூட்டும் அரக்கு முத்திரையும் வரும், அம்மா மறுபடி கடற்கரைக்குப் போவாள். ஆகவே தெரு வாயைப் பொத்திக்கொண்டது. மாமாவைச் சமாளிக்கிற பொறுப்பு டெல்சிக்கு.

அவள் அதற்கென்றே ஒரு குரல் செய்தாள். பம்பாயிலிருந்து, விமான மாதிரி செய்கிற கம்பெனியின் மேலதிகாரி, மூக்கால் பேசுகிறவர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர், அவசரமே படாதவர். காற்றாடியில் உப்புப் பூத்திருப்பதைக் கண்டு மாமா புருவத்தைச் சுருக்கிய அன்றைக்கே மாமாவின் போன் அவருக்குத் தெரியாத ஒரு நம்பரிலிருந்து அடித்தது. கீழே சமையலறையில் இருந்து, மேலே மாடிக்கு, பம்பாய் பேசியது.

“மிஸ்டர் டிவோட்டா. தங்களது கோர்சேர் நலமா?”

மாமா எழுந்து நின்றார், சட்டையை உள்ளே சொருகினார், “எஸ் சார்” என்றார். கடலோர வாடிக்கையாளர்களுக்கு உப்புப் பூப்பது இயல்பே என்று அதிகாரி விளக்கினார். அடுத்த மாதம் சக்கரம் தேய்ந்தது. அதிகம் ரசிக்கப்படுகிற மாதிரிகளுக்குச் சக்கரம் தேய்வதுண்டு என்றார் அதிகாரி, மாமா எழுந்து நின்று நன்றி சொன்னார். கொக்கி கொஞ்சம் வளைந்தது. வளையவேண்டிய அளவுக்கே வளைந்துள்ளது என்றார். கடைசியில் வெயிலில் சுற்றிச் சுற்றி விமானியின் ரோஸ் முகம் கறுத்து, கஸ்பார் அப்பாவின் முகம் மாதிரியே ஆனபோது டெல்சியே திணறிப்போனாள். இரண்டு நாள் யோசித்து அதிகாரி போன் செய்தார்: அது கம்பெனியின் புது வகைப் பெயிண்ட், எந்த ஊரில் வைக்கிறோமோ அந்த ஊர்க்காரன் நிறத்துக்கு மாறும், எல்லா நாட்டு வாடிக்கையாளர்களையும் மதிக்கவேண்டும் என்பது எங்கள் கொள்கை. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. துறைமுகத்தில் எல்லா மேஜைக்கும் போய் அந்தப் பெயிண்ட்டைப் பற்றிச் சொன்னார். டெல்சி தலையணையில் முகத்தைப் புதைத்து, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர... இல்லை, இல்லை, வரிசையைக் கலைக்காதீர்கள், நான் சொன்ன சிரிப்பு இது இல்லை.

இதற்கெல்லாம் நடுவில் வேறொன்று நடந்தது. ஒருநாள் சாயங்காலம் டெல்சி வீட்டுக்குள் இதுவரை கேட்டிராத ஒரு சத்தத்தைக் கேட்டாள். மணலில் வள்ளத்தை இழுக்கிற மாதிரி, விட்டு விட்டு. தெருவின் எல்லாக் குரலும் தெரிந்தவளுக்கு அது யார் என்று பிடிபடவில்லை. தேடிப்போய்ப் பார்த்தால், அம்மா பாயில்லாத தரையில், கையைத் தலைக்கு வைத்து, குறட்டைவிட்டுக்கொண்டிருந்தாள். டெல்சி வாசலிலேயே உட்கார்ந்து அது முடிகிற வரைக்கும் கேட்டாள். அந்த ஒரு குரலை மட்டும் அவள் யாரிடமும் செய்துகாட்டவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் மாமா தொண்டையைச் செருமி ஒரு அறிவிப்பு வெளியிட்டார். பாளையங்கோட்டையில் குற்றாலிங்கம் என்று ஒரு சேகரிப்பாளர். அவரிடம் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் மாதிரி இருக்கிறது, ஒரு முழத்துக்கு மேல் நீளம். கோர்சேரைக் கொடுத்தால் கப்பலைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். அக்டோபர் இரண்டாம் தேதி அலுவலகம் விடுமுறை, அன்றைக்கு நேரில் வந்து பார்த்து மாற்றிக்கொள்வார். அம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. அப்பா மீன்முள்ளை எடுப்பது போலக் குனிந்துகொண்டார்.

மறுநாளே பம்பாய் அழைத்தது. அதிகாரி கடுமையாக இருந்தார். பொருளைக் கைமாற்றுவதைக் கம்பெனி ஊக்குவிப்பதில்லை என்றார். மாமா எழுந்து நின்றார், சட்டையைச் சொருகினார், ஆனால் முதன்முறையாக “எஸ் சார்” சொல்லவில்லை.

“சார், மன்னிக்கணும் சார். எங்க அக்கா தினமும் நாலு மணிக்குக் கடற்கரையில போய் நிக்கா. அத்தான் வருத வரைக்கும் நிக்கா. நான் ஆபீஸ்ல இருக்கேன், ஒண்ணும் செய்ய முடியல. வீட்டுல பறக்குத சாமானைப் பார்த்தா அவளுக்கு மனசு பறக்கத்தான செய்யும்? ஒரு கப்பல் இருந்தா, கரைக்கு வந்து சேர்ந்த கப்பல், கண்ணு முன்னால எப்பவும் நின்னுகிட்டு இருந்தா, அக்காவுக்குக் கொஞ்சம் தைரியம் வரும். எனக்கு வேற எதுவும் செய்யத் தெரியாது சார்.”

அதிகாரி, குரல் லேசாகப் பிசகி, “சரி மிஸ்டர் டிவோட்டா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அக்டோபர் இரண்டு வந்தது. அரசாங்கத்துக்கு விடுமுறை, கடலுக்கு இல்லை. விடிவதற்கு முன்னாலேயே வள்ளங்கள் போய்விட்டன. மத்தியானத்துக்கு மேல் கொண்டல் எழும்பியது. முருங்கை ஒரு பக்கமாகப் படுத்தது, கடற்கரை மணல் தெருவரைக்கும் வந்து பல்லில் நறநறத்தது. மாடிகளில் பெண்கள் ஒருவர் இருவராக ஏறி நின்றார்கள். மூன்றரைக்குக் குற்றாலிங்கம், கப்பலைப் போர்வையில் சுற்றி, பிரசவ வீட்டிலிருந்து பிள்ளையைக் கொண்டுவருகிறவர் மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். கோர்சேரைச் சுற்றிவந்தார். வாலில் ஒரு மீன் செதிலைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். விமானியின் காலடியில் இருந்து ஊசிமுனையால் ஒரு பொரித்துண்டை எடுத்தார். விமானியின் முகத்தை நீண்டநேரம் பார்த்தார்.

“சார், இது காட்சிப் பொருள் இல்ல. இது ஓட்டின வண்டி.”

பர்னபாஸ் மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. பெட்டியைவிட்டு வெளியே வராத பொருள் என்றார். உப்பு, சக்கரம், பெயிண்ட், ஒவ்வொன்றுக்கும் கம்பெனி மேலதிகாரியே நேரில் பேசியிருக்கிறார் என்றார். குற்றாலிங்கம் தான் இந்தத் துறையில் நரைத்தவர் என்றும், அந்தக் கம்பெனி யார் கேட்டாலும் பதில் பேசாது என்றும் சொன்னார். அந்த நேரத்தில் படியில் சத்தம் கேட்டது. அம்மா மேலே வந்து அறை வாசலில் நின்றாள். முந்தானை முறுக்கு ஏறி ஏறிக் கயிறாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே பழைய கரி ஒரே மத்தியானத்தில் திரும்பி வந்திருந்தது. சுவர்க் கடிகாரம் நாலைத் தாண்டியிருந்தது.

“அக்கா, நீ ஏன் இங்க நிக்க?” என்றார் மாமா. “கடற்கரைக்குப் போகலையா?”

அம்மா தம்பியைப் பார்க்கவில்லை. டெல்சியைப் பார்த்தாள். “அனுப்புளா.”

டெல்சி மாமாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அம்மாவின் முந்தானையைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் சரிசெய்து, எல்லார் முன்னாலும் சொன்னாள்: “கோர்சேர், கோர்சேர். கேப்டன் பேசுகிறேன். கொண்டல் அடிக்கிறது. கவனமாக எழும்புக.”

அது எழும்பிற்று. ஜன்னலைத் தாண்டினதும் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது. ஒரு குலுக்குக் குலுக்கிச் சமாளித்து, கடலைப் பார்த்துச் சிறுத்து, புள்ளியாகி, இல்லாமல்போனது. குற்றாலிங்கம் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்தார். “நான் சொன்னேம்லா,” என்றார். “பறந்துட்டுன்னா மதிப்புப் போச்சு சார். நான் வாரேன்.” கப்பலை மறுபடி போர்வையில் சுற்றி, காற்றுப்படாமல் அணைத்துக்கொண்டு, படியிறங்கினார்.

பர்னபாஸ் மாமா வெறும் கண்ணாடிப் பெட்டியைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து வெள்ளைத்தாள் எடுத்தார். ‘பெறுநர்’ என்று எழுதினார் மாமா. எழுதி, கடலோரக் காவலா, விமானத் துறையா, சுங்கமா என்று யோசித்தார், பிறகு மூன்றையும் எழுதினார். திரும்பும் நேரம், திசை, உயரம் எல்லாம் கண்ணால் பார்த்துக் குறிக்காமல் மனுவை அனுப்பினால் தள்ளுபடியாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தாளும் பேனாவுமாக மொட்டைமாடி ஏறினார். அம்மா முன்னாலேயே அங்கே இருந்தாள்.

அன்று பார்த்து சாந்தப்பன் அண்ணன் ஏலக்கூடத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு வீட்டு மாடிக்கும் நடுவே இருக்கிற குட்டைச் சுவரைத் தாண்டித் திரேஸ் சித்தி கயிற்றோடு வந்துவிட்டாள். மறுமுனைக்கு ஆள் இல்லை. டெல்சி பிடித்துப்பார்த்தாள், காற்று அவளையும் சேர்த்துத் தூக்கியது. திரேஸ் சித்தி மாமா பக்கம் திரும்பினாள்.

“தம்பி, அந்தப் பேனாவை வச்சிட்டு இதைப் பிடிங்க. விறைச்சுப் பிடிக்காதீங்க, வந்து மாட்டினதும் அது பின்னாலேயே போங்க.”

மாமா, மனு இன்னும் முடியவில்லை என்று சொல்லப்பார்த்தார். அதற்குள் கொண்டல் அந்தத் தாளைக் கையிலிருந்து உருவி, கோயில் கோபுரத்துக்கு மேலே ஏற்றி, மூன்று துறைகளுக்கும் பொதுவாக எங்கேயோ கொண்டுபோய்விட்டது. கை சும்மா இருந்தது. கயிற்றை வாங்கினார்.

காத்திருந்தார்கள். பிறகு திரேஸ் சித்தி மோவாயை உயர்த்தினாள். வந்துகொண்டிருந்தது, நேராக இல்லை, நண்டு மாதிரி ஒருக்களித்து. முதல் வீட்டுக்கு மேலே சாய்ந்தது. அந்த மாடியில் ஒருத்தி சிலுவை போட்டுவிட்டு இறங்கினாள். அடுத்தது, அதற்கடுத்தது. காற்று அடிக்க அடிக்க, ஒரு வீட்டையும் விடாமல் சாய்ந்து சாய்ந்து வந்து, அம்மாவின் மாடிக்கு நேராக வந்தபோது, சாயாமல் கடந்து போய்விட்டது.

அம்மா அசையவில்லை. மாமா அக்காவின் முகத்தைப் பார்த்தார். போன கொண்டலுக்கு அப்புறம் தினமும் நாலு மணிக்கு அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று, அலுவலகத்தில் இருந்ததால் பார்க்காத மனிதர், இப்போது பார்த்தார்.

காற்று தள்ளிக்கொண்டுபோன கோர்சேர் தெருக்கோடியில் திரும்பியது. காற்றை எதிர்த்து, ஒரு முழம் முன்னேறினால் அரை முழம் பின்னால் போய், மறுபடியும் வந்தது. அம்மாவுக்கு நேராக வந்ததும் சாய்ந்தது. சாய்ந்ததென்றால் சும்மா இல்லை, விழுந்துவிடுமோ என்கிற அளவுக்குச் சாய்ந்து, கறுத்த முகத்தோடு அந்த வேர்க்கடலை மனிதன் கையை உயர்த்தினதுகூடத் தெரிகிற மாதிரி. உடனே நிமிர்ந்து இறங்கி, கொக்கியை நீட்டி, கயிற்றில் மாட்டியது. திரேஸ் சித்தி முன்னால் போனாள், மாமாவும் போனார், யாரும் சொல்லாமலேயே மூன்று எட்டு, கொடுத்துக் கொடுத்து. அவருடைய தாத்தன் தூண்டில் போட்டவர்தான். அது கையிலேயே இருந்திருக்கிறது.

அம்மா அப்படியே தண்ணீர்த்தொட்டியில் சாய்ந்து, கீழே வழுக்கி, உட்கார்ந்தாள். கொஞ்சநேரத்தில் மணலில் வள்ளம் இழுக்கிற சத்தம் கேட்டது, விட்டு விட்டு. மாமா திரும்பிப் பார்த்தார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள், கொண்டல் காற்றில், வாயைத் திறந்துகொண்டு.

திரேஸ் சித்தி தன் முனையைத் தளர்த்திவிட்டாள். மாமா விடவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண் அக்காமேல் இருக்க, சிலை மாதிரி நின்றார். விமானம் கயிற்றில் தொங்கித் தத்தளித்தது, காற்றாடி விக்கியது, காற்று அதைச் சுவரைப் பார்த்துத் தள்ளத் தொடங்கியது. தம்பி, தம்பி என்று கூப்பிட்டுப் பார்த்தாள் திரேஸ் சித்தி. மாமா, விடுங்க என்றாள் டெல்சி. அம்மாவின் குரலில் சொன்னாள், அப்பா குரலில் சொன்னாள், பங்குச் சாமியார் குரலில் தேவனின் பெயரால் கேட்டுக்கொண்டாள். எதுவும் அவருக்குள் இறங்கவில்லை. சுவருக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு கை இடம்தான் இருந்தது.

ஒரே ஒரு குரல் பாக்கி. அதை எடுத்தால் அப்புறம் அது இல்லை என்று டெல்சிக்குத் தெரியும். எடுத்தாள்.

“மிஸ்டர் டிவோட்டா. கயிற்றை விடவும்.”

“எஸ் சார்,” என்றார் மாமா. கயிற்றை விட்டார். இரண்டு காலையும் சேர்த்து நின்றார். கோர்சேர் பூப்போல உட்கார்ந்து, இறக்கையைத் தலைக்கு மேலே மடித்தது. மாமாவின் கை வழக்கம்போலச் சட்டை நுனியை உள்ளே சொருகப் போனது, பாதி சொருகியது, அங்கேயே நின்றுவிட்டது.

அவர் மெதுவாகத் திரும்பினார். அக்கா மகளைப் பார்த்தார். குனிந்து விமானியின் முகத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

“ஏளா,” என்றார், மூச்சு எங்கேயோ சிக்கிக்கொண்டு. “அப்ப அந்தப் பெயிண்ட்டு...”

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. மீசையின் ஒரு நுனி துடித்தது. திரேஸ் சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.